ஸ்பிரிங்கை இழுத்துப் பிரிக்காதீர்கள்

ஸ்பிரிங் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஒரு விஷயத்துக்கு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நாம் என்ன செய்கிறோம் என்பதை ஒருத்தருக்கும் புரியவைக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "இன்னா பண்றீங்க?" என்று கேட்பார். "ஸ்பிரிங் செய்றோம்" என்பீர்கள். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் எதையோ இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்பார். "அதேதான்." "அது மட்டுமா?" "அது மட்டுந்தான்." அதற்குப் பிறகு அவர் உங்களைப் பரிதாபமாகப் பார்த்து, தன் வடையை எடுத்து உங்கள் இலையில் வைத்துவிடுவார். நான் தொழில் செய்த காலமெல்லாம் இப்படி நிறைய வடை சாப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் பட்டறை தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், இரண்டு பெரிய கம்பெனிகளின் மதில்களுக்கு நடுவே இடுக்கில் நிற்கும் ஒரு தகர ஷெட். புதிதாக வருகிறவர்கள் அதைப் பெரிய கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டு என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள். நாங்களும் ஒன்றும் சொல்ல மாட்டோம், சாயங்காலம் வண்டியை எடுக்க வரும்போது டீ வாங்கிக் கொடுத்து ஸ்பிரிங்கைக் காட்டுவோம். அப்படி வந்த இரண்டு பேர் பிறகு எங்களுக்கு ஆர்டரே கொடுத்தார்கள்.

ஏற்றம், இறக்கம் என்று பெரிய வார்த்தையில் பேசுகிறார்களே, அதைக் கணக்குப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்தால் போதும். வேலை நிறைய இருந்தால் அவர் நாம் கேட்காமலே ஒரு டீ சேர்த்துக் கொண்டுவருவார், இல்லையென்றால் கேட்காமலே ஒன்றைக் குறைத்துக் கொண்டுவருவார். எங்கள் ஷெட்டில் முதலில் பேனா ஸ்பிரிங் ஓடியது. ஊரெல்லாம் மூடி போட்ட பேனாவுக்கு மாறிய அன்று டீ குறைந்தது. பிறகு ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங் வந்தது, டீ கூடியது. பிறகு கொரோனா வந்தது. கை கழுவும் மருந்து பாட்டிலின் தலையை அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது எங்களுடையது. ஊர் அழுத நாட்களில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை இருந்தது என்று சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் ஊர் கை கழுவுவதை நிறுத்தியது, எங்களையும் சேர்த்துக் கைகழுவிவிட்டது. மெஷின்களுக்குப் பழைய போர்வையைப் போர்த்தினோம். டீக்கடைக்காரர் ஒரு டீயை இரண்டாகப் பங்கிட்டுக் கொண்டுவர ஆரம்பித்தார்.

அந்த இறக்கத்தில்தான் நான் முதலியார்பேட்டையில் போர்டு எழுதுகிறவரிடம் போய், "ஷெட் வாடகைக்கு விடப்படும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எழுதி வாங்கினேன். "பெயின்ட்டு இன்னும் முழுசா காயலக்கா, பத்து நாள் விட்டு மாட்டுங்க" என்றார். நியூஸ் பேப்பரில் சுற்றி, பட்டறையிலேயே பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். என்னிடம் வேலை செய்தவர்கள் ஆறு பேர். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் ஒரே ஒரு ஆர்டர் பாக்கி இருந்தது.

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனி, சென்ட்டு பாட்டிலுக்கு ஸ்பிரே தலை செய்கிறவர்கள். முதல் லோடு சோதனைக்கு. எங்கள் ஸ்பிரிங் அவர்களுடைய தானியங்கி மெஷினில் நிற்காமல் ஓடினால் வருஷம் முழுக்க ஆர்டர் எங்களுக்கு. ஓடாவிட்டால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு. அதாவது, ஓடினால் ஆறு பேருக்கும் வேலை, ஓடாவிட்டால் பலகை வாசலுக்கு வரும். இது எனக்கும் பீரோவுக்கும் மட்டுமே தெரியும்.

கோயம்புத்தூர்க்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா காலத்திலிருந்தே எங்களுக்குப் போட்டி. சென்னையில் ஒரு கண்காட்சியில் பார்த்து, ஒருத்தருக்கொருத்தர் முறைத்துக்கொண்டே விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டோம். மனிதர் அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படம் போட்டு "காலை வணக்கம்" அனுப்புவார். நான் ஒரு தடவைகூடப் பதில் போட்டதில்லை. போட்டிக்காரர் பூ கொடுத்தால் வாங்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

சோதனை லோடு தயாரானது. ஸ்பிரிங் ஒவ்வொன்றும் முத்து. சுற்றும் மெஷினுக்கு அளவு வைக்கிற செட்டர் ரஃபி அதை அப்படி வைத்திருந்தான். பேக்கிங் பார்ப்பவள் செல்வி. எங்கள் ஷெட்டில் பேனா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு: ஸ்பிரிங்கை அரிசிக் கோணியில் கொட்டி, தரையில் தட்டித் தட்டிக் குலுக்கி, இன்னும் கொஞ்சம் கொட்டி, மறுபடியும் குலுக்கி, கோணி கல்லு மாதிரி ஆகும்வரை நிரப்புவோம். லோடு ஆட்டோ ஒரே நடையில் போய்விடும் அல்லவா. பேனா ஸ்பிரிங் அதையெல்லாம் தாங்கும். அது ஒல்லியாக, நெருக்கிச் சுற்றியது, ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. ஸ்பிரே ஸ்பிரிங்கோ நன்றாக இடைவெளி விட்டுச் சுற்றியது. ஒன்றின் இடைவெளிக்குள் இன்னொன்றின் கம்பி தாராளமாகப் போகும். அதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டு கோணியையும் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாகக் குலுக்கினோம். போதாததற்கு லோடு ஆட்டோ ஓட்டும் அந்துவான், வழியிலிருந்த வேகத்தடை எல்லாவற்றையும் பறந்தே தாண்டினார். "லேட்டா போனா மரியாத இல்லக்கா" என்பது அவர் கொள்கை.

காலையில் கம்பெனி வாசலில் தர அதிகாரி கோணியைப் பிரித்தார். கண்ணாடி போட்ட, ரொம்பச் சாந்தமான பையன். ஒரு ஸ்பிரிங்கை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினார். பூசணிக்காய் அளவுக்கு ஒரு கொத்து கூடவே எழுந்து வந்தது. அதன் அடியில் இன்னொரு கொத்து தொங்கியது. இரண்டும் அவர் முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் ஆடின. அவர் தலையும் கூடவே மேலும் கீழும் ஆடியது. அடுத்த கோணியைத் தலைகீழாகக் கவிழ்த்து உருவினோம். ஸ்பிரிங் கொட்டவில்லை. கோணி கையோடு வந்துவிட்டது, கோணியின் உருவம் மட்டும் தரையில் அப்படியே நின்றது.

"அக்கா, கோணி இல்லாமலே நிக்குதுக்கா" என்றார் அந்துவான். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வர வேண்டிய இடம்தான், ஆனால் உடம்புக்கு அதெல்லாம் தெரிவதில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். அதிகாரி பதற்றமாகி, "மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஸ்பிரிங் தனித்தனியா வேணும் மேடம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்டு. அதுக்குள்ள வந்தா ஓட்டிப் பாக்குறேன். இல்லன்னா கோயம்புத்தூர் லோட வரச் சொல்லிடுவாங்க."

ஷெட்டுக்குத் திரும்பினோம். புதிதாகச் சுற்றவும் வழியில்லை, அந்தக் கம்பி சென்னையிலிருந்து வர வேண்டும். கொத்துகளைத் தரையில் கொட்டி ஆறு பேரும் நானும் சுற்றி உட்கார்ந்து பிய்க்க ஆரம்பித்தோம். முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி பேச்சும் சிரிப்புமாகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் ரஃபி பிரித்த ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்து அளந்து பார்த்தான். இன்னொன்றை அளந்தான். முகம் மாறியது.

"அக்கா, இழுத்ததெல்லாம் வளந்துட்டுது. ஒண்ணும் அளவுக்கு இல்ல."

இங்கேதான் நீங்கள் காதைக் கொடுக்க வேண்டும். நெருக்கடி வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு வேலை செய்வதாகப் பெயர் வேறு. அந்த நேரத்தில் எல்லாரையும் கையை எடுக்கச் சொல்கிற தைரியத்துக்குத்தான் முதலாளி என்று ஒருத்தர் தேவைப்படுகிறார், மற்ற நாட்களில் தேவையே இல்லை. "எல்லாரும் கைய எடுங்க, டீ குடிங்க" என்றேன். எல்லாரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன். ரோஜாப்பூக்களுக்குக் கீழே இருந்த எண்ணை அமுக்கினேன்.

"ஏனுங்க அம்மணி," என்றார் கோயம்புத்தூர்க்காரர், "இத்தன வருசமா காலை வணக்கம் போடறேன். இன்னைக்கு மத்தியானந்தான் விடிஞ்சுதுங்களா?"

நடந்ததைச் சொன்னேன். எந்தக் கம்பெனி, எந்த ஆர்டர் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் உதவி கேட்டிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் அவரிடமிருந்து ஆர்டரைப் பறித்துக்கொள்ள அவரிடமே வழி கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது. மறுமுனையில் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அது சிரிப்பு என்று புரிந்தது. மனிதர் சத்தம் வராமல் சிரிக்கிற ரகம்.

"கோணி இல்லாம நின்னுச்சுங்களா? எனக்குப் பெங்களூர்ல நின்னுச்சுங்க. பார்ட்டி அதப் போட்டோ புடிச்சு ஆபீஸ்ல மாட்டி வெச்சிருக்கான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இழுக்காதீங்க. தூக்கிப் போட்டு அடிக்கோணும். ஒரு பீப்பாய், அதுக்கு அடியில ஒரு தட்டு. தட்டு சுத்தறப்ப ஸ்பிரிங்கத் தூக்கி ஓரத்துல அடிக்கும். அடிக்க அடிக்கத் தானா உதுந்துரும். அதுக்குன்னே மெஷின் இருக்குதுங்க."

"எங்க கெடைக்கும்?"

"எங்கிட்ட இருக்குதுங்க. கோயம்புத்தூர்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கேட்டேன், "இத எதுக்கு எனக்குச் சொல்றீங்க?"

"அந்த ஆர்டர் எனக்கு வேணுந்தானுங்க. ஆனா உங்க கோணி நின்னதால எனக்கு வந்த ஆர்டர்னு இருக்க வேண்டாம். எனக்குத் தூக்கம் வராதுங்க."

போட்டிக்காரரை எப்படி மதிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த மரத்தடியில் ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொண்டேன். ஆனால் கற்றுக்கொண்டதை வைத்து என்ன செய்வது? உள்ளே போய், கோயம்புத்தூரில் ஒரு மெஷின் இருக்கிறது, ஒரு தொட்டி, அடியில் ஒரு தட்டு, தட்டு சுற்றினால் உள்ளே இருப்பதைத் தூக்கி ஓரத்தில் அடிக்கும் என்று சொன்னேன். எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். செல்வி மட்டும் டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது எங்க வூட்ல இருக்குது."

"எது?"

"வாஷிங் மெஷின்."

அடுத்து அந்துவான் ஆட்டோவை உதைத்துக் கிளப்பியதுதான் கேட்டது. லாஸ்பேட்டையில் செல்வியின் மாமியார் ஊறப் போட்டிருந்த துணியைப் பக்கெட்டில் அள்ளிக் கொடுத்துவிட்டு, "அந்த ஆபீஸ்ல அவ்ளோ அழுக்காடி?" என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது. பாதித் தானியங்கி மெஷின், துவைக்கும் தொட்டிக்கு மூடி உடைந்துபோய் ரொம்ப நாளாகிவிட்டது. அதை இறக்கி உள்ளே தள்ளும்போது அந்துவான், "அலே, அலே" என்று குரல் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டாலும் எங்கள் ஊரில் பாரம் தள்ளுகிறவர்கள் சிலருக்கு இன்னும் பிரெஞ்சில் 'போ, போ' என்று தள்ளினால்தான் நகரும்.

தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, ஒரு கொத்தைப் போட்டு, சுவிட்சைத் திருகினோம். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற சத்தம். உடனே ஸ்பிரிங் தொட்டிக்கு வெளியே கடுகு பொரிகிற மாதிரி தெறிக்க ஆரம்பித்தது. ரஃபி ஓடிப்போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு ஸ்பிரிங் அந்துவானின் சட்டைப் பைக்குள் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். ஒற்றை ஸ்பிரிங், தனியாக, அளவு மாறாமல். ரஃபி அளந்துவிட்டு ஹெல்மெட்டோடு ஆடினான். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"மூடணும்டா, எல்லாம் பறக்குது. ஒரு பலக இருந்தா பாரு" என்றாள் செல்வி. ரஃபி பீரோவுக்குப் பின்னால் கையை விட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் நியூஸ் பேப்பரைக் கிழித்துவிட்டான். மெஷினை யாரோ நிறுத்தினார்கள். செல்வி சத்தம் போட்டுப் படித்தாள்: "ஷெட் வாடகைக்கு விடப்படும்." கீழே என் செல்போன் எண்.

அவ்வளவு நேரம் சிரித்த ஆறு முகங்களும் என்னைப் பார்த்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. தோற்றுப்போனதற்காக இல்லை. அவர்களுடைய பிழைப்பைப் பற்றி அவர்களுக்கே தெரியாதது ஊரில் வேறொருவருக்குத் தெரிந்திருந்தது.

"எப்ப எழுதுனது?" என்றாள் செல்வி.

"போன வாரம். இன்னைக்கு லோடு ஓடலன்னா மாட்டலாம்னு."

"எங்ககிட்ட சொல்லாம, போர்டு எழுதறவர்கிட்ட சொல்லிருக்கீங்க."

செல்வி பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள், விரலால் தட்டினாள். "எழுத்து நல்லாத்தான் இருக்குது. பலகையும் தடிமனா இருக்குது" என்றாள். எழுத்து உள்பக்கம் போகும்படி அதைக் கவிழ்த்துத் தொட்டியின்மேல் வைத்தாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். "போடு ரஃபி."

ரஃபி போட்டான். மெஷின் நடுங்கியது, பலகை நடுங்கியது, செல்வியும் நடுங்கினாள். ஏதோ திட்ட வாயைத் திறந்தாள். வார்த்தை ஒவ்வொன்றும் துண்டு துண்டாக வெளியே வந்ததைக் கேட்டு முதலில் அந்துவான் சிரித்தார், பிறகு எல்லாரும். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டுக்கும் அன்று ஒரே முந்தானைதான்.

அந்த மத்தியானம் முழுக்க முறை வைத்துப் பலகைமேல் உட்கார்ந்தோம். ஒருத்தர் உட்காருவார், ஒருத்தர் கொத்தைப் போடுவார், மற்றவர்கள் உதிர்ந்ததை அள்ளிச் சின்னச் சின்ன கவரில், குலுக்காமல், பிள்ளைக்குச் சோறு போடுவது போலப் பதமாக நிரப்பினார்கள். என் முறை வந்தபோது நானும் ஏறினேன். முதலாளி குலுங்குவதைப் பார்க்க வாட்ச்மேன் மதில்மேல் இன்னொருத்தரையும் ஏற்றிவிட்டிருந்தார்.

இனி சேதராப்பட்டுக்குப் போக வேண்டும். மணி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வேகமாகப் போனால் மறுபடியும் சிக்கும். அந்துவானிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: லேட்டானாலும் பரவாயில்லை, குலுங்கக் கூடாது. அவருக்கு அது சாபம் மாதிரி. கவர்களை ஆட்டோவில் வைக்காமல், பின்னால் ஏறி உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொண்டோம். வேகத்தடை வரும்போதெல்லாம் அந்துவான் "தூக்கு" என்பார், எல்லாரும் கவர்களை மடியிலிருந்து தூக்குவோம். "எறக்கு" என்பார், இறக்குவோம். சைக்கிளில் போன ஒரு தாத்தா எங்களைத் தாண்டிப் போனார். அந்துவான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷிப்டு சங்கு ஊதும்போது வாசலில் நின்றோம். அதிகாரி ஒரு கவரைப் பிரித்து, இரண்டு விரலால் ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்தார். ஆறு பேரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தூக்கினார். ஒன்றுதான் வந்தது. அவர் சந்தேகமாக இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் தனியாகத்தான் வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன மேடம், சிவப்பா ஒட்டியிருக்கு?" என்றார்.

நான் திக்கினேன். செல்வி முந்திக்கொண்டாள். "அது எங்க போர்டு சார். கழுவுனா போயிடும்."

மாட்டும் முன்னால் எப்படியும் கழுவுவார்கள், கழுவினார்கள், போய்விட்டது. மெஷின் நிற்காமல் ஓடியது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு ஸ்பிரிங்காக உள்ளே இறங்குவதைக் கல்யாண ஊர்வலம் மாதிரி பார்த்தோம். வருஷ ஆர்டர் எங்களுக்கு வந்தது. மறுநாள் விடிந்ததும் வந்த ரோஜாப்பூவுக்கு நான் முதல் தடவையாக "காலை வணக்கம்" போட்டேன். உடனே போன் அடித்தது. நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்து முடித்து, கோயம்புத்தூர்க்காரர் தணிந்த குரலில் கேட்டார்: "எந்தக் கம்பெனி வாஷிங் மெஷினுங்க அது?"

செல்வி வீட்டுக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பழையது ஷெட்டிலேயே தங்கிவிட்டது. ஆயுத பூசைக்கு மற்ற மெஷின்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, காயாத பெயின்ட்டு எல்லாம் அடிபட்டு உதிர்ந்து, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. அதையே மறுபடியும் முதலியார்பேட்டைக்கு எடுத்துப்போய்ப் பட்டறையின் பெயரை எழுதி வாங்கி வாசலில் மாட்டினோம். நீங்கள் அந்தப் பக்கம் போனால் தடவிப் பாருங்கள், பெயின்ட்டுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன், பட்டறையை செல்வி நடத்துகிறாள். சமீபத்தில் மறுபடியும் ஓர் இறக்கம் வந்தது. டீ குறைந்த அன்றே செல்வி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் எவ்வளவு வேலை இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முகங்கள் எல்லாம் வாடின. ரஃபி மட்டும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, போர்டு எழுதியாச்சா?" என்று கேட்டான்.

"எழுதறதுக்குப் பலக ஏது?" என்றாள் செல்வி. "அதுதான் வாசல்ல தொங்குதே."